கேட் சத்தம் கேட்டால் ஏன் எழுந்து உட்காருகிறேன்?

தாழம்பூ
ஞாயிறு, இரவு 11.20

எனக்கு வயது 42. மதுரையில் ஒரு பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலது கை, வலது கால் வராது. பேச்சும் போய்விட்டது. எங்களோடுதான் இருக்கிறார். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருகிறார். மாலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் காலை எட்டு மணி வரை நான். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். மகனுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு.

இன்று என் தம்பி ஊரிலிருந்து வந்திருந்தான். "இன்னிக்கு அம்மாவை நான் பார்த்துக்கறேன், நீ போய்த் தூங்குக்கா" என்றான். கணவரும் மகனும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பதினான்கு மாதத்தில் முதல்முறையாக எனக்கென்று நான்கு மணி நேரம் கிடைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். பத்து நிமிடம்கூட முடியவில்லை. எழுந்து பரணை ஒழித்தேன். மசாலா டப்பாக்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்தேன். மகனுடைய யூனிபார்மை ஊறவைத்தேன். மூன்றரை மணிக்கு மறுபடி படுத்தபோது கண் லேசாகச் சொருகியது. அந்த நேரம் பார்த்து கேட் திறக்கிற சத்தம். சடாரென்று எழுந்து, கொடியிலிருந்து எடுத்துப் போட்டிருந்த துணிகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு மடிப்பது போல உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் அப்படி எதுவும் சொல்லக்கூடியவர் இல்லை. நான் படுத்திருந்ததற்காக இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிறகு யாருக்குப் பயந்து எழுந்தேன் என்று சாயங்காலத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு அம்மாவைத் திருப்பும்போது ஒரு மூட்டையைப் புரட்டுவது போலப் புரட்டிவிட்டேன். அம்மாவால் எதுவும் சொல்ல முடியாது. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அதிலிருந்து, ஓய்வு கேட்க எனக்கு அருகதையே இல்லை என்று தோன்றுகிறது. கண்ணை மூடினால் அந்தப் பார்வைதான் வருகிறது.

எனக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. மனசு மட்டும் பிழிந்துபோட்ட துணி மாதிரி கிடக்கிறது. குற்ற உணர்வு இல்லாமல் படுக்க யாராவது பழகியிருக்கிறீர்களா? எப்படிப் பழகினீர்கள்?


நொய்யல்
ஞாயிறு, இரவு 11.52

உங்களுக்குக் கேட், எனக்கு ஸ்கூட்டர் சத்தம். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் பெல் தெருமுனையில் கேட்டால் வீட்டில் எல்லோரும் எதையாவது கையில் எடுத்துவிடுவோம். நான் புத்தகம், அக்கா துடைப்பம், அம்மா முறம். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆயிற்று. உடம்பு இன்னும் அந்தப் பெல்லுக்குத்தான் எழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் யாருக்குப் பயந்து எழுந்தீர்களோ அவர் இன்றைக்கு உங்கள் வீட்டில் இல்லாதவராகவும் இருக்கலாம், தோழி.


கரிசல்மண்
திங்கள், காலை 6.10

சகோதரி தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அம்மா ஐந்து பிள்ளைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு, களை எடுக்கவும் போனவர். ஓய்வு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. குற்ற உணர்வு, மனச்சோர்வு என்றெல்லாம் பேசப் பேசத்தான் அது பெரிதாகிறதோ என்று எனக்குத் தோன்றும். பெற்ற தாய்க்குச் செய்கிறோம் என்று நினைத்துவிட்டால் பாரம் தெரியாது.


இரவுப்பணி
திங்கள், காலை 9.35

இரவு டூட்டி முடித்து வந்து எழுதுகிறேன். செவிலியராகப் பத்தொன்பது வருடம். அதில் பதினொரு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில்.

தாழம்பூ அக்கா, முதலில் அந்த மூன்று மணி விஷயம். கரடுமுரடாகக் கை வைத்த இரவு எனக்கும் உண்டு. பாசம் குறைந்ததால் அப்படி நடக்கவில்லை. தொடர்ந்து நான்கு இரவு தூங்காமல் இருந்தால் யாருடைய கையும் அப்படித்தான் ஆகும். இன்றைக்கு இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அம்மாவிடம் போய் "அன்னிக்கு வலிச்சிருக்கும், மன்னிச்சிரும்மா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வலது பக்கம் செயலிழந்து பேச்சுப் போன பலருக்கு நாம் பேசுவது ஓரளவாவது புரியும். இரண்டாவது, திருப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் "அம்மா, திருப்பப் போறேன்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லும் அந்த இரண்டு நொடியில் நம் கையும் நிதானமாகிவிடும். வார்டில் நாங்கள் நோயாளிக்கு அடியில் ஒரு விரிப்பை மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத்தான் திருப்புவோம். நீங்கள் பதினான்கு மாதமாக இருவர் வேலையை ஒருவராகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். காற்று மெத்தை இருக்கிறதா? இருந்தால், அம்மாவின் தோலைப் பார்த்து இரவு இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நீட்ட வேண்டாம்.

இப்போது தூக்கத்துக்கு வருகிறேன். உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது ஒன்று. தம்பி "நான் பார்த்துக்கறேன்" என்றார், நீங்கள் பக்கத்து அறையில் போய்ப் படுத்தீர்கள். அம்மாவுக்கு எத்தனை மணிக்கு மாத்திரை, கடைசியாக எந்தப் பக்கம் படுக்க வைத்தீர்கள், தண்ணீர் புரையேறாமல் கொடுப்பது எப்படி, இதெல்லாம் தம்பிக்குத் தெரியுமா? தெரியாது என்றால் அவர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், டூட்டியில் இருந்தது நீங்கள்தான். கதவு சாத்தியிருந்தாலும் உங்கள் காது டூட்டி பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

எங்கள் வேலையில் ஷிப்ட் முடிகிறபோது ஒப்படைக்காமல் யாரும் வெளியே வர முடியாது. ஒவ்வொரு கட்டிலாக நின்று, இவருக்கு இது கொடுத்தாயிற்று, இது பாக்கி, இதைக் கவனி என்று வருகிறவரிடம் சொல்லி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிளம்புவோம். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வரும். ஒப்படைப்பு சரியாக நடக்காத நாளில் வீட்டுக்கு வந்தும் வராது. ஏழாம் நம்பர் கட்டில் டிரிப் முடிந்திருக்குமா என்றே ஓடும்.

வீட்டில் ஒப்படைப்பே கிடையாது, அக்கா. "நீ போய்ப் படு" என்று சொல்வார்கள், பொறுப்பை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் குற்ற உணர்வு என்று சொல்வதில் பாதி, கை மாறாத பொறுப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு நோட்டுப் போடுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது எழுதி ஒப்படைத்துவிட்டு, அம்மாவின் இருமல் காதில் விழாத தூரத்துக்குப் போங்கள். வீட்டுக்குள் படுக்க வேண்டாம், தொடக்கத்திலாவது.


பட்டுநூல்
திங்கள், மதியம் 3.15

நான் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் பன்னிரண்டு வருடம் நின்றவள். நின்றவள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆள் வராத நேரத்திலும் உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்தால்கூட மேற்பார்வையாளர் பெயரைக் குறித்துக்கொள்வார். கால் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரியும். 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. எங்கள் பிரிவுக்கும் நான்கு ஸ்டூல் வந்தது.

ஒரு மாதம் யாரும் அதில் உட்காரவில்லை. சட்டம் இருக்கிறது, ஸ்டூல் இருக்கிறது, கால் கடுக்கிறது. ஆனாலும் உட்காரத் தோன்றவில்லை. யாராவது பார்ப்பார்கள், வேலை செய்யாதவள் என்று நினைப்பார்கள் என்ற நினைப்பு. கடைசியில் எங்களில் மூத்த ஓர் அக்கா ஒருநாள் மதியம் போய் உட்கார்ந்தார். "வாங்கடி" என்றார். இரண்டு பேர் போனோம். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அடுத்த நாளும் அடித்தது, ஆனால் உட்கார்ந்தேன். எத்தனையாவது நாளில் நின்றது என்று ஞாபகம் இல்லை.

அதனால் குற்ற உணர்வு போன பிறகு ஓய்வெடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள் அக்கா. அது இருக்கும்போதே படுங்கள். அது பாட்டுக்குப் பக்கத்தில் கிடக்கட்டும்.


மொட்டைமாடி
திங்கள், இரவு 10.05

நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சென்ற வருடம் நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். காரணம் கேட்டபோது வைரல் காய்ச்சல் என்று எழுதினேன். உண்மையில் லேப்டாப்பைத் திறந்தாலே அழுகை வந்துகொண்டிருந்தது. காய்ச்சலுக்கு விடுப்பு உண்டு. இதற்கு என்ன பெயர் எழுதுவது? அந்த நான்கு நாளும் யாராவது போன் செய்துவிடுவார்களோ என்று இருமிப் பழகிக்கொண்டிருந்தேன். அது ஓய்வே இல்லை.

அப்போது படித்ததில் ஒன்று இங்கே பொருந்தும். வேலை செய்து செய்து உள்ளே எரிந்து தீர்ந்துபோகும் நிலைக்கு 'பர்ன்அவுட்' என்று பெயர் வைத்து 1974-ல் எழுதியவர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில், மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த தன்னார்வலர்கள் ஓய்ந்துபோவதைப் பார்த்து எழுதினார். அவருக்குமே அது வந்திருந்தது. பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் அதில் மூன்று கூறுகளைப் பிரித்துக் காட்டினார். முதலாவது, தீராத களைப்பு. இரண்டாவது, எதிரில் இருப்பவர் ஒரு மனிதராகவே மனதில் படாமல் போவது. மூன்றாவது, நாம் செய்வதெல்லாம் வீண், நமக்கு எதுவும் வரவில்லை என்ற நினைப்பு.

அந்த இரண்டாவதைப் படித்துவிட்டு உங்கள் மூட்டை வரியை மறுபடி படித்தேன், அக்கா. அதைப் பார்த்து உங்கள் குணம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. களைப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.


வைகைக்கரை
செவ்வாய், காலை 7.40

எல்லோரும் அன்பாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இந்த பர்ன்அவுட்டைத் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் விளக்கியபோது, வேலையிடம் சார்ந்தது என்று வரம்பு கட்டிவிட்டது. நோய் என்றும் சேர்க்கவில்லை. வீட்டில் இரவு முழுக்க அம்மாவைத் திருப்பிப் போடுகிறவர் அந்த வரையறைக்குள்ளேயே வர மாட்டார். ஏனென்றால் அதை வேலை என்று யாரும் எண்ணுவதில்லை.

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளம் இல்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். இந்த வித்தியாசம் இருக்கிற வரைக்கும் "குற்ற உணர்வை விட்டுவிடுங்கள்" என்று பெண்களுக்குப் பாடம் எடுப்பது எனக்கு ஏற்பாக இல்லை. தாழம்பூவின் கணவர் நல்லவர், எதுவும் சொல்ல மாட்டார். சரி. இரவு ஒரு மணிக்கு மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்க அவருக்குத் தெரியுமா? பதினைந்து வயது மகனுக்குத் தெரியுமா? தம்பி பதினான்கு மாதத்தில் எத்தனை ஞாயிறு வந்திருக்கிறார்? வேலையைப் பிரித்தால் ஓய்வு தானாக வரும்.


இரவுப்பணி
செவ்வாய், காலை 10.20

வைகைக்கரை சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். பிரித்தாக வேண்டும். ஆனால் தானாக வரும் என்பதை ஏற்க முடியவில்லை. பிரித்துக் கொடுத்த பிறகும் மேலே நின்று "அப்படிப் பிடிக்காதே, இப்படிப் பிடி" என்று சொல்லிக்கொண்டிருக்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானே அப்படித்தான் இருந்தேன். வேலை கை மாறினாலும் மனசு விட மறுக்கும். அதற்குத் தனியாகத்தான் பழக வேண்டும்.


கரிசல்மண்
செவ்வாய், இரவு 8.30

நேற்று எழுதியதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா ஓய்வு எடுத்ததே இல்லை என்று எழுதிவிட்டேன். அது சரியில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் முந்தானையை விரித்து, மணைக்கட்டையைத் தலைக்கு வைத்துப் படுப்பார். அக்கம்பக்கத்துப் பெண்களும் அந்த நேரத்தில் அப்படித்தான். வெயில் தாழ்கிற வரைக்கும் யாரும் யாரையும் எழுப்ப மாட்டார்கள். அதை ஓய்வு என்று யாரும் சொன்னதில்லை, அதனால்தான் எனக்கு நினைவுக்கு வரவில்லை போல.

எங்கள் பக்கம் அமாவாசைக்கு ஏர் பூட்ட மாட்டார்கள். விதைப்பு நேரமாக இருந்தாலும் அன்றைக்கு மாட்டுக் கழுத்தில் நுகத்தடி ஏறாது. கேட்டு வாங்க வேண்டியதில்லை, நாள் வந்தால் ஓய்வும் வந்துவிடும். சகோதரியின் வீட்டில் அப்படி ஒரு நாளும் இல்லை, அப்படி ஒரு திண்ணையும் இல்லை. என் அம்மாவோடு அவரை ஒப்பிட்டது தவறு. வருத்தப்படுகிறேன்.

அம்மாவின் கடைசி இரண்டு வருடம் அவரைப் பார்த்துக்கொண்டது என் மனைவி. அவள் மதியம் படுத்து நான் பார்த்ததாக நினைவில்லை. இதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.


தாழம்பூ
செவ்வாய், இரவு 11.45

எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு முறை. கரிசல்மண் அண்ணா, வருத்தப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியதைத்தான் நானும் எனக்குள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரவுப்பணி, நேற்று அம்மாவிடம் சொன்னேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

ஒரு சந்தேகம். போனை எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் ஒரு மணி நேரம் கிடக்கிறேனே, அதைப் படுத்திருந்ததாகக் கணக்கில் எடுக்கலாமா? எழுந்தால் இன்னும் கனமாக இருக்கிறது. இப்படிக் களைப்பாகவே இருப்பது சாதாரணம்தானா?


இரவுப்பணி
புதன், காலை 9.50

போன் ஓய்வு இல்லை, அக்கா. கண்ணும் மனசும் அதில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சும்மா இருந்தால் உள்ளே நம்மைத் திட்டுகிற குரல் கேட்கிறது, அதனால் போனை எடுக்கிறோம். எனக்கும் அதே பழக்கம் இருந்தது. ஒரு தம்ளர் டீயும் ஒரு ஜன்னலும் போதும் என்று பழகிக்கொள்ள வெகுநாள் ஆயிற்று.

களைப்பை முழுக்க மனசின் தலையிலேயே போடாதீர்கள். ரத்தம் கொடுத்து ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்றுதான் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ரத்தம் குறைவாக இருக்கும்போது எவ்வளவு படுத்தாலும் அசதி போகாது, நாம் சோம்பேறி என்று நம்மையே திட்டிக்கொண்டிருப்போம்.

அப்புறம், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தாலோ, காரணமில்லாமல் அழுகை வந்தாலோ, உயிரோடு இருந்து என்ன என்று ஒருமுறை தோன்றினாலோ, ஓய்வு மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றியும் கேளுங்கள். 2021 முதல் நடக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து செய்வது அதில் உண்டு. புதிதாக ஒரு ஜோடிக் கை வந்தாலும் நல்லதுதான்.


தாழம்பூ
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.10

நோட்டுப் போட்டேன். மகனுடைய பழைய கணக்கு நோட்டில் மீதியிருந்த பக்கங்கள். கணவரையும் மகனையும் உட்கார வைத்து, விரிப்பு போட்டுத் திருப்புவதைச் சொல்லிக்கொடுத்தேன். மகன்தான் முதலில் கற்றுக்கொண்டான். "பாட்டி, திருப்பப் போறேன்" என்று அவன் சொல்வது எனக்கு உள் அறையில் கேட்கிறது. சனிக்கிழமை இரவு ஒரு மணி முறை இப்போது அவனுடையது. தேர்வு மாதத்தில் அதைக் கணவர் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. தம்பி மாதத்தில் இரண்டாவது, நான்காவது ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறான். சொன்னபடி இந்த மாதம் வந்தான்.

ஹீமோகுளோபின் 8.6 இருந்தது. மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன்.

ஞாயிறு மூன்று முதல் ஐந்து வரை என்று நேரம் குறித்தோம். முதல் வாரம் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போய்ச் சுற்றுச்சுவரில் உட்கார்ந்தேன். கணவர் நான்கு முறை போன் செய்தார். நான் மூன்று முறை செய்தேன். மூன்றே முக்காலுக்கே கிளம்பிவிட்டேன். பட்டுநூல் சொன்ன படபடப்பு அப்படியே இருந்தது. இரண்டாவது வாரம் நாலரை வரை இருந்தேன். எதிரில் ஒரு பாட்டி கடலை விற்றுக்கொண்டிருந்தார். வாங்கித் தின்றேன். நடுவில் மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மனசில் ஒன்றும் ஓடவில்லை. அப்படி ஒரு நேரம் எனக்குக் கடைசியாக எப்போது வாய்த்தது என்று தெரியவில்லை.

குற்ற உணர்வு போகவில்லை. வண்டியை எடுக்கும்போது வருகிறது. தெப்பக்குளம் போய்ச் சேர்கிறபோது கொஞ்சம் குறைகிறது. வீட்டில் பகலில் படுக்க இன்னும் வரவில்லை.

இன்று ஐந்து மணிக்குத் திரும்பி வந்து கேட்டைத் திறந்தேன். ஹாலில் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்த கணவர் சடாரென்று எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "படுத்துக்குங்க, இன்னும் நேரமிருக்கு" என்றேன். அவர் படுக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.


நொய்யல்
ஞாயிறு, இரவு 9.40

அந்த நோட்டில் என்னென்ன கட்டம் போட்டீர்கள் என்று சொல்ல முடியுமா? மாமனாருக்கு அறுவை சிகிச்சை முடிந்து அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறார்.


தாழம்பூ
ஞாயிறு, இரவு 10.02

நேரம். எந்தப் பக்கம் படுக்கை (இட, வல, மல்லாக்க). மாத்திரை. எவ்வளவு தண்ணீர், என்ன சாப்பாடு. சிறுநீர், மலம். தோலில் எங்காவது சிவப்பு இருக்கிறதா. கடைசிக் கட்டம் யார் பார்த்தது என்பதற்கு. அதில் மகன் பெயர் எழுதாமல் ஒரு நட்சத்திரம் போடுகிறான். தொடக்கத்திலேயே எல்லோரையும் வைத்து ஆரம்பித்துவிடுங்கள், நான் பதினான்கு மாதம் கழித்துத்தான் ஆரம்பித்தேன்.